லேத் பட்டறையில் கிளம்பும் வெள்ளைப் பனி நெஞ்சைப் பிடிக்கிறது!

புதுச்சேரி,

மார்கழிப் பனி என்றால் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்கிறோம். குழந்தைக்குக் குல்லாய் போடுகிறோம். ஆனால் லேத் பட்டறையிலும் மெஷின் ஷாப்பிலும் சித்திரை வெயிலில்கூட ஒரு பனி கிளம்புகிறது. அதற்கு யாரும் மப்ளர் கட்டுவதில்லை. கட்டினாலும் பிரயோசனம் இல்லை!

இரும்பை வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிறார்களே, பால் மாதிரி வெள்ளையாக ஒரு கூலன்ட், அதுதான் இந்தப் பனி. தூள் தூளாகச் சிதறிக் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போகும். முதலில் தொண்டைக் கரகரப்பு. பிறகு இருமல், இளைப்பு. சிலருக்குச் சாயந்திரமானால் காய்ச்சல்.

சாதாரண சளிதானே என்று நினைக்க வேண்டாம். இந்தப் பனி கிளம்பிய ஒரு கம்பெனியில் 87 பேர் நுரையீரல் நோயாளி ஆகியிருக்கிறார்கள். இது பற்றிய விவரம் வருமாறு:-

யாரும் கேட்காத கேள்வி

புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்தில் இருந்து உள்ளே போனால் அபிஷேகப்பாக்கம். ஏரியும் வயலுமாக இருக்கிற ஊர். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் வயலுக்குப் போவதில்லை. ஐ.டி.ஐ. முடித்து டர்னர், பிட்டர், மெஷினிஸ்ட் என்று வேலைக்குப் போகிற பிள்ளைகள் இந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. கடலூர் ரோட்டில் பஸ் ஏறினால் தெற்கே கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டை. வடக்கே டவுனைத் தாண்டினால் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு. (கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் இல்லை, நம்ம மேட்டுப்பாளையம்!)

அப்படிப் போகிற பையன் பஸ்சில் 'லொக் லொக்' என்று இருமினால் பக்கத்து சீட்டுப் பெரியவர் என்ன கேட்பார்? "ஏம்ப்பா, சிகரெட் பழக்கம் உண்டா?" என்பார். "இல்லீங்க" என்றால் நம்ப மாட்டார். வீட்டிலே அம்மா தூதுவளை ரசம் வைப்பார். மருந்துக்கடையில் இருமல் டானிக் கொடுப்பார்கள். நாலு பேரும் நாலு வைத்தியம் சொல்வார்கள். "நீ என்ன வேலை பார்க்கிறே?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி 300 வருஷத்துக்கு முன்பே ஒரு டாக்டர் எழுதி வைத்தார். இத்தாலி நாட்டைச் சேர்ந்தவர். பெயர் ரமசினி. 1700ம் ஆண்டு தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற டாக்டர்களுக்குச் சொன்னார்.

எதற்குக் கூலன்ட்?

இரும்பை இரும்பால் வெட்டினால் சூடு பறக்கும். டூல் முனை மழுங்கும். அமெரிக்க என்ஜினீயர் டெய்லர் என்பவர் 1880களில் ஒரு சோதனை செய்தார. வெட்டுகிற இடத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார். 30 முதல் 40 சதவீதம் கூடுதல் வேகத்தில் வெட்ட முடிந்தது! அன்று பிடித்த பழக்கம் இது.

வெறும் தண்ணீர் ஊற்றினால் துருப் பிடிக்கும். அதனால் எண்ணெய் சேர்த்தார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. ஒட்ட வைக்க சோப்பு மாதிரி ஒரு சரக்கு. துருப் பிடிக்காமல் இருக்க ஒரு ரசாயனம். கிருமி வராமல் இருக்க ஒரு மருந்து. இத்தனையும் கலந்த எண்ணெயை 100 லிட்டருக்கு 5 அல்லது 10 லிட்டர் என்று தண்ணீரில் கலக்குவார்கள். அதுதான் அந்த வெள்ளைத் தண்ணீர்.

இதை ஊற்றுவதில் 2 விதம் உண்டு. ஒன்று, பம்ப் வைத்து வாய்க்கால் மாதிரி ஓட விடுவது. இன்னொன்று, ஸ்பிரே. ஒரு சின்ன டப்பா, கம்ப்ரசரில் இருந்து ஒரு ஓஸ், ஒரு மெல்லிய மூக்குக் குழாய். பெயின்ட் அடிக்கிற கன் மாதிரி 'உஸ்' என்று அடிக்கும். செலவு குறைச்சல். தரை நனையாது. வெட்டுகிற இடமும் கண்ணுக்குத் தெரியும். சின்னப் பட்டறைக்காரர்களுக்கு இது பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கன்னில் அடிக்கிற கூலன்ட் முழுவதும் இரும்பில் ஒட்டுவதில்லை. ஒட்டாதது எங்கே போகும்? மெஷின் மேல் குனிந்து நிற்கிற ஆளின் மூக்குக்குத்தான் போகும்!

பம்ப் வைத்து ஊற்றினால் பனியே வராது என்றும் சொல்ல முடியாது. வேகமாகச் சுற்றும் ஜாப், ஈரக் குடையைச் சுழற்றினால் தெறிக்கிற மாதிரி கூலன்டைத் தெறிக்க விடும். சூட்டில் ஆவியாகி மறுபடி துளியாகவும் மாறும். கிரைண்டிங் மெஷினில் இது ரொம்ப அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத துளி

தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். காறித் துப்பினால் போய்விடும். 10 மைக்ரானுக்கும் சின்னத் துளிகள்தான் வில்லன்கள். அவை மூச்சுக் குழாயைத் தாண்டி உள்ளே இறங்கும். மிகச் சின்னவை நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய் உட்கார்ந்து கொள்ளும்.

உங்கள் பட்டறையில் பனி இருக்கிறதா? நீங்களே பார்க்கலாம். இரவு ஷிப்டில் விளக்கைக் குறைத்துவிட்டு, மெஷினுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சினிமாக் கொட்டகையில் புரொஜக்டர் வெளிச்சத்தில் தூசி பறக்குமே, அது மாதிரி தெரியும். பகலில் ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் மேகமே நிற்கும்!

திங்கட்கிழமை நாற்றம்

பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். சனிக்கிழமை மெஷினை நிறுத்திவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை காலை வந்து பம்ப்பைப் போட்டால் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். பொங்கல் லீவு முடிந்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

டேங்கில் கிருமி வளர்ந்துவிட்டது என்பதுதான் அந்த நாற்றத்துக்கு அர்த்தம். தண்ணீர், எண்ணெய், நம்ம ஊர் வெப்பம். கிருமிக்கு இதைவிடக் கல்யாணச் சாப்பாடு ஏது? மெஷினில் இருந்து ஒழுகுகிற ஆயில் மேலே ஆடை மாதிரி படர்ந்து காற்றைத் தடுக்கும். அடியில் காற்றே வேண்டாத கிருமிகள் கூத்தடிக்கும். டேங்கில் துப்புகிற ஆளும் உண்டு, டீ கிளாசைக் கழுவி ஊற்றுகிற ஆளும் உண்டு!

கடலோரத்து ஊர்களில் இன்னொரு தொல்லை. போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் கூலன்ட் சரியாகக் கலக்காது. திரிந்த பால் மாதிரி பிரிந்து நிற்கும். துருவும் பிடிக்கும், சீக்கிரம் கெடவும் செய்யும்.

நாற்றம் வந்த பிறகு பினாயில், பிளீச்சிங் பவுடர் என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கிருமி செத்தாலும் அதன் உடம்புத் தோல் துணுக்குகள் கூலன்டிலேயே மிதக்கும். அவையும் பனியோடு பறந்து நெஞ்சுக்குள் போய் வேலையைக் காட்டும். செத்த கிருமியும் கெட்ட கிருமிதான்.

பர்மிங்காமில் நடந்தது

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தின் ஓரத்தில் லாங்பிரிட்ஜ் என்ற இடம். அங்கே பவர்ட்ரெயின் என்ற கார் என்ஜின் கம்பெனி இருந்தது. 800 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 2003, 2004ம் ஆண்டுகளில் ஆள் மாற்றி ஆள் இருமத் தொடங்கினார்கள். டாக்டர்கள் வரிசையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 87 பேருக்கு வேலையால் வந்த நுரையீரல் நோய்! பெரும்பாலோருக்கு ஆஸ்துமா. மற்றவர்களில் பலருக்குக் காற்றுப் பைகளே வீங்குகிற ஒவ்வாமை நோய்.

கிருமி பிடித்த கூலன்டில் இருந்து கிளம்பிய பனியின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. 2005ல் அதே குழுமத்தைச் சேர்ந்த எம்.ஜி. ரோவர் திவாலாகிக் கதவை மூடியது. நெஞ்சில் வந்த நோயோடு வீட்டுக்குப் போனவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் ஒரு சம்பவம். காருக்கு பிரேக் செய்கிற தொழிற்சாலை. சுமார் 400 பேர் வேலை பார்த்தார்கள். 2001 ஜனவரியில் மெஷின் ஓட்டுகிற 3 பேர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உடம்பு இளைத்திருந்தது. நவம்பர் மாதத்துக்குள் 107 பேருக்கு, 'இந்த இடத்தில் வேலை பார்க்கக் கூடாது' என்கிற மாதிரி மருத்துவக் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது.

அந்தக் கூலன்டில் இருந்த கிருமி எது தெரியுமா? காச நோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரன்! காச நோயை உண்டாக்காது. ஒருவரிடம் இருந்து ஒருவருக்குத் தொற்றவும் செய்யாது. ஆனால் அதன் துணுக்குகளைத் தினமும் மூச்சில் இழுத்தால் நுரையீரல் சண்டைக்கு நிற்கும். இருமல், எடை குறைவு, களைப்பு, எக்ஸ்ரேயில் நிழல். பார்க்கிறவர்கள் டி.பி. என்று நினைக்கவும் வாய்ப்பு உண்டு.

எண்ணெயின் பழைய பாவம்

நெஞ்சோடு நின்றதா என்றால் இல்லை. தோலிலும் இந்த எண்ணெய் விளையாடியிருக்கிறது. நாமும் மில் ஊர்க்காரர்கள். ஏ.எப்.டி. மில் 2020ல் மூடும் வரை பஞ்சும் எண்ணெயும் மணத்த ஊர் இது. அதனால் இங்கிலாந்து மில் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு மெஷின் மேல் குனிந்து குனிந்து வேலை பார்த்தவர்களின் கால்சட்டை எண்ணெயில் ஊறிப் போகும். வருஷக் கணக்கில் ஊறியதில் விரைப் பையில் புற்றுநோய் வந்தது. 1922ல் மான்செஸ்டர் மருத்துவர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். சட்டம் வர 1953 ஆனது! நடுவில் 1950ல் பர்மிங்காமில் ஆட்டோமேட்டிக் லேத் ஓட்டியவர்களுக்கும் எண்ணெயால் தோல் புற்றுநோய் வந்தது தெரிய வந்தது.

இப்போது விற்கிற நல்ல கூலன்டில் எண்ணெயை நன்றாகச் சுத்திகரித்துத்தான் சேர்க்கிறார்கள். அந்தப் பயம் பெருமளவு குறைந்தது. ஆனால் காசு மிச்சம் என்று பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி வெட்டுகிறவர்கள் அந்தப் பழைய பாவத்தைத் திரும்ப வீட்டுக்கு அழைக்கிறார்கள். எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்டைப் பேன்ட் பையில் செருகிக்கொண்டு நாள் முழுக்கத் திரிகிறவர்களும்தான். அந்தப் பை எந்த இடத்தை ஒட்டி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்!

இன்னும் ஒன்று. துருவைத் தடுக்க நைட்ரைட் என்ற உப்பைச் சேர்ப்பார்கள். அது கூலன்டில் உள்ள அமீன்களோடு சேர்ந்தால் நைட்ரோசமைன் என்ற கெட்ட பொருள் உண்டாகும். விலங்குகளுக்குப் புற்றுநோய் தருவது. 1984ல் அமெரிக்க அரசு சில வகைக் கூலன்டுகளில் நைட்ரைட் சேர்க்கத் தடை போட்டது. வாங்குகிற டப்பாவில் நைட்ரைட் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்பதில் தப்பில்லை. கார்பைடு டூல் தீட்டுகிறவர்களுக்குக் கோபால்ட் என்ற உலோகம் கூலன்டில் கரைந்து பனியோடு வரும். அதுவும் ஆஸ்துமா தரும்.

5 எங்கே? அரை எங்கே?

நம் நாட்டில் 1948ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தை 1987ல் திருத்தியபோது ஒரு அட்டவணை சேர்த்தார்கள். எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்கிற பட்டியல். அதில் எண்ணெய்ப் பனிக்கு 8 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்று எழுதினார்கள். அமெரிக்கச் சட்டத்திலும் இதே 5தான்.

ஆனால் அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 1998ல், 5 போதாது, அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சொன்னது. பத்தில் ஒரு பங்கு! அரை மில்லிகிராம் என்பது ஏறத்தாழ ஒரு சீனி மணி எடை. மூன்றேகால் அடி நீளம், அகலம், உயரம் உள்ள காற்றில் ஒரு சீனி மணி. அதற்கு மேல் போனால் ஆபத்து என்கிறார்கள். கார் தொழிலாளர் சங்கம் 1993லேயே மனுக் கொடுத்தது. ஆனாலும் அங்கே சட்டத்தில் உள்ள எண் மாறவில்லை.

சரி, அந்த 5 ஆவது நம்ம பட்டறைக்கு உண்டா? அங்கேதான் சிக்கல். மின்சாரத்தில் ஓடுகிற இடத்தில் 10 பேர் இருந்தால்தான் 1948ம் ஆண்டு சட்டப்படி அது தொழிற்சாலை என்று இருந்தது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பு இதை 20 பேர் என்று உயர்த்தியது. ரெண்டு லேத், ஒரு மில்லிங், நாலு ஆள் என்று ஓடுகிற பட்டறை இந்தக் கணக்கிலேயே வராது. இன்ஸ்பெக்டர் வர மாட்டார். முதலாளியும் தொழிலாளியும் ஒரே பனியைத்தான் இழுக்கிறார்கள்.

செலவில்லாத வேலைகள்

முதலாளிமார் பயப்பட வேண்டாம். லட்சக்கணக்கில் செலவு செய்யச் சொல்லவில்லை.

ஸ்பிரே வைத்திருந்தால் காற்று பிரஷரைக் குறையுங்கள். மூக்குக் குழாயை வெட்டுகிற முனைக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். மேகம் மாதிரி அடிக்க வேண்டியதே இல்லை. டூல் லேசாக நனைந்தால் போதும். வார்ப்பிரும்பு, பித்தளை வேலையில் பல நேரம் கூலன்ட் இல்லாமலே வெட்டலாம். தாவர எண்ணெயை மணிக்கு 50 மில்லிக்கும் குறைவாகச் சொட்டு சொட்டாக விடுகிற முறையும் வந்திருக்கிறது. தண்ணீரே சேர்க்காததால் டேங்க் நாறாது. ஆனால் அதற்கும் காற்றோட்டம் வேண்டும்.

விசிறி விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆளுக்குப் பின்னால் சுவரில் எக்ஸாஸ்ட் பேன் மாட்டுகிறார்கள். பனி முழுவதும் ஆளின் முகத்தைக் கடந்து அல்லவா போகும்? மெஷினுக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். சி.என்.சி. மெஷின் என்றால் நின்ற உடனே கதவைத் திறக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிஷம் பொறுங்கள். உள்ளே இருக்கிற பனி அடங்கட்டும். ஏர் கன்னால் ஜாப்பை ஊதித் துடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் மகா மோசம். அடங்கியிருந்த கூலன்டையும் பனியாக்கி மூஞ்சியில் அடித்துக்கொள்கிற வேலை அது. ஒரு பிரஷ் போதும்.

கூலன்டை நல்ல தண்ணீரில் கலக்குங்கள். மேலே மிதக்கிற ஆயிலைத் தினமும் வழித்தெடுங்கள். பள்ளிக்கூட லேபில் வைத்திருக்கிற பி.எச். தாளை வாங்கி வாரம் ஒரு முறை முக்கிப் பாருங்கள். நல்ல கூலன்ட் எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் காட்டும். இறங்கிக்கொண்டே வந்தால் கிருமி ஏறுகிறது என்று அர்த்தம். டேங்கைக் காலி செய்து, சேற்றைச் சுரண்டிக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பழைய சேற்றின் மேல் புதுக் கூலன்டை ஊற்றினால் இரண்டே வாரத்தில் பழைய கதைதான். காலி செய்ததைச் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள். அது கடைசியில் யாரோ ஒருவர் ஊர் ஏரிக்குத்தான் போகும்.

முகமூடி? கொரோனா காலத்தில் எல்லோரும் எண்95 வாங்கினோம். அந்த 'எண்' என்ற எழுத்துக்கே எண்ணெயைத் தாங்காது என்றுதான் அர்த்தம்! எண்ணெய்ப் பனிக்கு 'பி' வகை வேண்டும். கர்ச்சீப் கட்டுவது மனசுக்கு ஆறுதல், அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை சோதனை

இருமுகிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு விஷயம். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். டி.பி. இல்லை என்று வந்தால் சும்மா இருந்துவிடக் கூடாது.

காலண்டரில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இருமல் குறைகிறதா? தீபாவளி லீவில் நன்றாக இருந்து, வேலைக்குப் போன முதல் நாளே நெஞ்சு இறுகுகிறதா? காலையில் வேலையில் நின்று, சாயந்திரம் நாலைந்து மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் உடம்பு வலியும் வருகிறதா? அப்படி என்றால் வேலையின் மேல் சந்தேகம் வைக்கலாம். பீக் புளோ மீட்டர் என்று ஊதிப் பார்க்கிற சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் பல முறை ஊதி, அந்த எண்ணை எழுதி வந்தால் வேலையால் வந்த ஆஸ்துமாவை டாக்டர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆரம்பத்தில் பிடித்து, பனியை விட்டு விலகினால் நுரையீரல் தேறி வர வாய்ப்பு அதிகம். வருஷக் கணக்கில் விட்டுவிட்டால் தழும்பு விழுந்து போகும். அப்புறம் திரும்பாது.

நெஞ்சு நோய்க்குக் கோரிமேட்டில் அரசு மார்பு நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஜிப்மர் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனி என்றால் அந்தச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் வேலையால் வரும் ஆஸ்துமாவும் இருக்கிறது. எண்ணெயால் வரும் தோல் புற்றுநோயும் இருக்கிறது. டாக்டர் சீட்டில் "ஆஸ்துமா" என்று மட்டும் எழுதினால் அது உங்கள் சொந்த நோய். வேலையால் வந்தது என்று எழுதினால்தான் நஷ்டஈட்டுக்கு வழி பிறக்கும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கூலன்ட் டப்பாவின் லேபிளைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய தாளைக் கம்பெனியில் கேட்டு வாங்குங்கள். டாக்டர் கேட்கவில்லை என்றாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "சார், நான் லேத் ஓட்டுறேன். இத்தனை வருஷமா இந்தக் கூலன்ட்ல நிற்கிறேன்."